அக்கா பையனுக்கு லுக்கேமியா, ரிப்போர்ட்ல ஈபிவி பாசிட்டிவ்னு இருக்கு: வைரஸ்தான் காரணமா?

நெல்லிக்கனி
எல்லாருக்கும் வணக்கம். அக்கா பையனுக்கு 4 வயசு, போன மாசம் ஏஎல்எல்ங்கற ரத்தப் புத்துநோய் (லுக்கேமியா), பி செல் வகைன்னு சொல்லிட்டாங்க, கீமோ ஆரம்பிச்சாச்சு. பிரச்சனை அதுல இல்ல. ஆரம்பத்துல எடுத்த ரத்த டெஸ்ட்டுல ஒரு ஓரமா "ஈபிவி ஐஜிஜி பாசிட்டிவ்"னு இருந்துச்சு (ஈபிவின்னா எப்ஸ்டீன்-பார் வைரஸாம்), அதை எங்க சித்தி நெட்ல தேடிப் பாத்து "இது புத்துநோய் வைரஸ், எச்சில்ல பரவும்"னு குடும்ப குரூப்ல போட்டுட்டாங்க. அன்னைலேர்ந்து யாரும் தங்களோட குழந்தைங்கள இந்தப் பக்கம் விடுறதில்ல, பையனோட தட்டு டம்ளரெல்லாம் தனியா வெச்சாச்சு, அக்கா அவன முத்தம் குடுக்கக்கூட யோசிக்கிறா. மூத்தவ ஒருத்தி இருக்கா, 8 வயசு, அவளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமான்னு கேக்குறாங்க. டாக்டர்கிட்ட கேட்டா "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார், அந்த ஒரு வார்த்தை சித்திக்குப் போதல. உண்மையிலேயே வைரஸால ரத்தப் புத்துநோய் வருமா வராதா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

சும்மா_ஒருத்தன்
ஒட்டாதுங்க. அக்காவ தாராளமா முத்தம் குடுக்கச் சொல்லுங்க. பெரியவங்கள்ல 100க்கு 90 பேருக்கு மேல ஈபிவி உடம்புல இருக்கு, உங்க சித்திக்கும் சேத்துதான்.

மைக்ரோஸ்கோப்_மாமா
நெல்லிக்கனி, நான் பேத்தாலஜி லேப்ல ரொம்ப காலம் இருந்தவன், டாக்டர் இல்ல, ஆனா இந்த ஸ்லைடுங்க நிறைய பாத்திருக்கேன்.

மொதல்ல அந்த ரிப்போர்ட். ஐஜிஜி பாசிட்டிவ்னா எப்பவோ அந்த வைரஸ் வந்து போச்சு, உடம்பு அதுக்கு எதிர்ப்புப் பொருள் செஞ்சு வெச்சிருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். போச்சுன்னு சொன்னாலும் முழுசா போகாது, ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் இது, ஆன்டிபாடி செய்யற வெள்ளணுவான பி செல்லுக்குள்ள போய் சத்தமில்லாம ஆயுசு முழுக்க உக்காந்துக்கும். நம்ம எல்லாருக்குள்ளயும் அப்படித்தான் உக்காந்திருக்கு. சின்ன வயசுல வந்தா சாதாரண காய்ச்சல் சளி மாதிரி போயிடும், வாலிப வயசுல மொத தடவையா வந்தா தொண்டை வீங்கி, கழுத்துல நெறி கட்டி, வாரக்கணக்குல அசதியா இருக்கும்.

இப்ப உங்க கேள்வி. வைரஸால ரத்தப் புத்துநோய் வருமான்னு கேட்டா, சிலது வரும். ஆனா "ரத்தப் புத்துநோய்"ங்கறது ஒரு வியாதி கிடையாது, டஜன் கணக்குல வேற வேற வியாதி. ஈபிவிக்கும் பர்கிட் லிம்ஃபோமாவுக்கும் (லிம்ஃபோமான்னா வெள்ளணு கட்டியா வளர்ற வகை) தொடர்பு இருக்கு, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுல ஒரு பங்குக்கு இருக்கு, மூக்குல வர்ற என்கே டி செல் லிம்ஃபோமாவுக்கு இருக்கு, உறுப்பு மாத்தின பிறகு வர்ற லிம்ஃபோமாவுக்கு இருக்கு. குழந்தைங்களுக்கு வர்ற சாதாரண ஏஎல்எல்ல அந்த புத்துநோய் செல்லுக்குள்ள ஈபிவி இருக்காது. அதனாலதான் டாக்டர் அப்படி முடிச்சிருக்கார்.

செல்லுக்குள்ள இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்னா, ஈபர்னு ஒரு ஸ்டெயின் இருக்கு. வைரஸ் ஒளிஞ்சிருக்கற செல்லுக்குள்ள ஈபர்ங்கற சின்ன ஆர்என்ஏ எக்கச்சக்கமா இருக்கும், அதைப் போய் ஒட்டிக்கற மாதிரி ஒரு ப்ரோப் போட்டு கலர் ஏத்துவாங்க. ஈபிவி பாசிட்டிவ் ஹாட்ஜ்கின் கேஸ் ஒண்ண வெச்சுப் பாத்தீங்கன்னா, சுத்தி ஆயிரக்கணக்குல சாதாரண லிம்ஃபோசைட் வெளுத்துப் போய் இருக்கும், நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணா அந்த பெரிய ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லுங்க (ஹாட்ஜ்கினோட புத்துநோய் செல்) மட்டும், ரெட்டை நியூக்ளியஸோட, கரு நீலமா முறைச்சுக்கிட்டு நிக்கும். ஒரு தடவை பாத்தா மறக்காது. ரத்தத்துல ஐஜிஜி பாக்குறது வேற, இது வேற.

ராக்கோழி
மாமா, குறுக்க ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. 90 சதவீதம் பேர்கிட்ட இருக்கற ஒரு வைரஸ் கட்டிக்குள்ளயும் இருந்தா அதுல என்ன அதிசயம்? அது பாட்டுக்கு பி செல்லுல குடியிருக்கு, அந்த பி செல் வேற ஏதோ காரணத்துக்கு கெட்டுப் போச்சு, கூட இருந்த வைரஸும் சேந்து பெருகிருச்சு. சும்மா கூட பயணம் பண்ணவன புடிச்சு குத்தவாளின்னு சொல்ற மாதிரி இல்ல இருக்கு?

மைக்ரோஸ்கோப்_மாமா
நல்ல கேள்வி ராக்கோழி, இதையே 20 வருஷத்துக்கு மேல ஆராய்ச்சிக்காரங்களே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, சாதாரண ஆள்கிட்ட ஈபிவி இருக்கற பி செல் லட்சத்துல ஏதோ ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், பத்து லட்சத்துல ஒண்ணுன்னுகூட சொல்லுவாங்க. அப்படி அபூர்வமா இருக்கற செல்லுலேர்ந்தே திரும்பத் திரும்ப, ஆப்பிரிக்காவுல வர்ற பர்கிட்ல கிட்டத்தட்ட எல்லா கேஸ்லயும், கட்டி கிளம்புதுன்னா அது தற்செயலா? ரெண்டாவது, இந்த வைரஸோட டிஎன்ஏ செல்லுக்கு வெளிய நேர் கோடா இருக்கும், ரெண்டு நுனிலயும் ஒரே மாதிரி துண்டு திரும்பத் திரும்ப வரும். செல்லுக்குள்ள போனதும் ரெண்டு நுனியும் ஒட்டி வட்டமாயிடும், ஒட்டுற இடத்துல எத்தனை துண்டு மிஞ்சுங்கறது ஒவ்வொரு செல்லுக்கும் வேற வேற. கட்டியோட செல்லுங்கள எடுத்துப் பாத்தா எல்லாத்துலயும் ஒரே எண்ணிக்கை. அப்படின்னா என்ன, ஒரே ஒரு செல்லுக்குள்ள வைரஸ் மொதல்ல போச்சு, அதுக்கப்புறம்தான் அது பெருகி கட்டியாச்சு. இந்த முறைய 1986ல கண்டுபுடிச்சாங்க. நீங்க சொல்ற கூட்டுப் பயணிக் கதை அதுக்கப்புறம் ரொம்ப பலவீனமாயிடுச்சு.

ஆனா வைரஸ் மட்டுமே போதும்னு யாரும் சொல்லல, அதுவும் உண்மை. பர்கிட்டையே எடுத்துக்கோங்க. உகாண்டாவுல வேலை பாத்த டெனிஸ் பர்கிட்ங்கற சர்ஜன் 1958ல, குழந்தைங்களுக்கு தாடைல வர்ற ஒரு கட்டியப் பத்தி எழுதுறார், அப்புறம் ஊர் ஊரா போய் வரைபடம் போட்டா அது மலேரியா இருக்கற பட்டையிலதான் வருது. அவரு 1961ல லண்டன்ல பேசினத ஆண்டனி எப்ஸ்டீன் கேட்டுட்டு, இதுல வைரஸ் இருக்கும்னு முடிவு கட்டி உகாண்டாவுலேர்ந்து விமானத்துல கட்டித் துண்டுங்கள வரவழைக்க ஆரம்பிச்சார். ரொம்ப நாள் ஒண்ணும் கெடைக்கல. 1963 டிசம்பர்ல ஒரு பார்சல், பனிமூட்டத்தால லண்டன்ல எறங்க முடியாம மான்செஸ்டருக்குத் திருப்பி விட்டாங்க, வந்து சேந்தப்ப தண்ணி கலங்கிப் போயிருந்துச்சு. பாக்டீரியா புடிச்சிருச்சுன்னு கீழ ஊத்தியிருப்பாங்க, எதுக்கும் பாப்போம்னு மைக்ரோஸ்கோப்ல வெச்சா, கலங்கல் பூரா உயிரோட மிதக்கற லிம்ஃபோமா செல். அதைத்தான் வளத்து, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல வைரஸப் பாத்து, 1964ல எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவான் பார் மூணு பேரும் வெளியிட்டாங்க. எப்ஸ்டீன்-பார் வைரஸ்னு பேரு வந்தது அதனாலதான், பாவம் அச்சாங் பேர்ல எடம் கெடைக்கல.

அந்த மலேரியாவுக்கு என்ன வேலைன்னா, அது திரும்பத் திரும்ப வந்து பி செல்ல தூண்டி விடுது, ஈபிவிய அடக்கி வெக்கிற டி செல்ங்கற வெள்ளணுவ சோர்வாக்குது. அந்தக் களேபரத்துல 8வது குரோமோசோம்ல இருக்கற, செல்ல பெருக வெக்கற மிக் ஜீன் இடம் மாறி 14வது குரோமோசோம்ல ஆன்டிபாடி செய்யற ஜீன் பக்கத்துல போய் ஒட்டிக்குது, அந்த செல்லுக்கு பிரேக் போயிடுது. மூணும் சேந்தாதான் ஆப்பிரிக்காவுல வர்ற அந்த வகை பர்கிட்.

பூனைக்காரி
இழைக்கு சம்பந்தம் இருக்கா தெரியல, ஆனா கேட்டே ஆகணும். என் பூனைக்கு லுக்கேமியா வைரஸ் பாசிட்டிவ்னு வெட் சொன்னார்!! அது நெஜமாவே எச்சில்ல பரவுதாம், ஒரே கிண்ணத்துல சாப்பிட்டா, ஒண்ணையொண்ணு நக்கிக்கிட்டாலே போதுமாம். அப்ப நெல்லிக்கனியோட சித்தி சொன்னது பூனைக்குன்னா சரிதான் போல 🙂 எனக்கு வருமா?

ராக்கோழி
பூனைக்காரி, வராது. எஃப்இஎல்வி, அதாவது பூனை லுக்கேமியா வைரஸ், மனுஷனுக்குத் தொத்தி நோய் வந்ததா கெடையாது. மத்த பூனைங்கள மட்டும் தனியா வெச்சு தடுப்பூசி போட்டுருங்க, 1980கள்லேர்ந்தே தடுப்பூசி இருக்கு.

ஆனா நீங்க கேட்டது நல்ல இடத்துல கொண்டு விடுது, ஏன்னா என் சந்தேகமே அங்கேருந்து வந்ததுதான். மிருகங்கள்ல வைரஸால லுக்கேமியா வர்றது ரொம்ப சகஜம்: 1908ல டென்மார்க்ல எல்லர்மன், பாங்னு ரெண்டு பேரு கோழி லுக்கேமியாவ செல்லே இல்லாத வடிகட்டின சாறுல இன்னொரு கோழிக்கு ஏத்திக் காட்டிட்டாங்க, 1951ல லுட்விக் கிராஸ் எலில காட்டினார், 1964ல ஸ்காட்லாந்துல வில்லியம் ஜாரெட் பூனைல, அப்புறம் மாடு. கோழி எலி பூனை மாடு எல்லாத்துக்கும் இருந்தா மனுஷனுக்கும் இருந்தே தீரும்னு அமெரிக்காவுல கோடிகோடியா கொட்டி 1960கள்லயும் 70கள்லயும் தேடுனாங்க பாருங்க, கெடைச்சதா சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா ஊத்திக்கிச்சு, எடுத்துப் பாத்தா கொரங்கு வைரஸ் லேப்ல கலந்திருக்கும். அந்தப் பழைய வியாதி இன்னும் போகல, 2006ல எக்ஸ்எம்ஆர்வின்னு ஒரு வைரஸ கண்டுபுடிச்சு குதிச்சாங்க, அதுவும் லேப்ல எலிகிட்டேருந்து உருவாகி கலந்ததுன்னு கடைசில முடிஞ்சுது. அதனாலதான் எவனாவது "லுக்கேமியாவுக்கு வைரஸ் கண்டுபிடிப்பு"ன்னு செய்தி போட்டா நான் மொதல்ல லேப் சுத்தமான்னு கேப்பேன்.

தூக்கமில்லா_டாக்டர்
ராக்கோழி சொன்ன வரலாறு சரி, ஆனா பாதியில நிறுத்திட்டீங்க. அந்தத் தேடல்ல ஒண்ணு நெசமாவே கெடைச்சுது. ஜப்பான்ல கியோட்டோவுல டகாட்சுகி குழு 1977ல ஒரு விசித்திரமான டி செல் லுக்கேமியாவ விவரிச்சாங்க, நோயாளிங்கள்ல பெரும்பாலானவங்க தென்மேற்கு ஜப்பான்ல, கியூஷு பக்கம் பொறந்தவங்க. ஒரே வட்டாரத்துலேர்ந்து வந்தா சந்தேகம் வராம இருக்குமா. 1980ல அமெரிக்காவுல ராபர்ட் கேலோ லேப்ல எச்டிஎல்வி-1ங்கற வைரஸ் கெடைக்குது, 1981ல ஜப்பான்ல ஹினுமா குழு அந்த ஊர் நோயாளிங்ககிட்ட அதே வைரஸத் தனியா கண்டுபுடிக்குது. மனுஷனுக்குப் புத்துநோய் கொண்டு வர்ற மொத ரெட்ரோவைரஸ் (தன்னோட ஆர்என்ஏவ டிஎன்ஏவா மாத்தி செல்லோட டிஎன்ஏவுல சொருகிக்கற வகை).

ஸ்மியர்ல (கண்ணாடில தடவின ரத்தத்துல) அந்த செல்ல பாத்தா நியூக்ளியஸ் இதழ் இதழா விரிஞ்சிருக்கும், ஃப்ளவர் செல்னே பேரு. கூடவே ரத்தத்துல கால்சியம் ஏறி ஆள் குழம்பிப் போய் வருவாங்க. கால்சியம் ஏன் ஏறுதுன்னு தேடப் போய் லுக்கேமியாவுல வந்து நின்ன கேஸுங்க உண்டு.

ஆனா கவனிங்க, அந்த வைரஸ் உள்ளவங்க 100 பேர்ல 3லேர்ந்து 5 பேருக்குத்தான் ஆயுசுல அந்த லுக்கேமியா வருது, அதுவும் பெரும்பாலும் கைக்குழந்தையா தாய்ப்பால்ல வந்த வைரஸ் 50, 60 வயசுக்கு மேல நோயா தெரியும். மீதி 95 பேர் வேற ஏதோ காரணத்துக்கு செத்துப் போவாங்க. வைரஸ் இருந்தா மட்டும் பத்தாது, உள்ள ஜீன் கோளாறு ஒண்ணு மேல ஒண்ணா சேரணும், அதுக்கு பல பத்து வருஷம் ஆகுது. ஜப்பான்ல 1986லேர்ந்து ரத்ததானத்துல இத டெஸ்ட் பண்றாங்க, நாகசாகில 1987லேர்ந்து கர்ப்பிணிங்களுக்கு டெஸ்ட் பண்ணி, இருந்தா தாய்ப்பாலுக்குப் பதிலா பால்பவுடர் குடுக்கச் சொல்ல ஆரம்பிச்சாங்க, குழந்தைங்களுக்குத் தொத்துறது பெரிய அளவுல கொறைஞ்சுது. ஒரு லுக்கேமியாவ வர்றதுக்கு 50 வருஷம் முன்னாடியே தடுக்கற வேலை, பலன் அந்தக் குழந்தைங்க கெழவங்களாகும்போதுதான் முழுசா தெரியும்.

நெல்லிக்கனி
எல்லாருக்கும் நன்றி, மாமா எழுதினத அப்படியே அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஆனா இப்ப வேற ஒரு பக்கம் கெளம்பிருச்சு. அத்தை ஒருத்தர் எதையோ படிச்சிட்டு "குழந்தைய ரொம்ப சுத்தமா, யார்கூடயும் சேக்காம வளத்தா லுக்கேமியா வருமாம், நீ அவன ப்ளேஸ்கூல் கூட அனுப்பலயே"ன்னு அக்காகிட்டயே கேட்டுட்டாங்க. மூணு நாளா அவ சாப்பிடல. இது என்ன புதுக் கதை?

தூக்கமில்லா_டாக்டர்
நெல்லிக்கனி, இத பொறுமையா படிங்க, இதுல பாதி உண்மை இருக்கு, அந்தப் பாதிய எடுத்து அக்கா தலைல போட்டதுதான் அநியாயம்.

குழந்தைகள் ஏஎல்எல்லுக்கு இதுதான் வைரஸ்னு ஒண்ணு இன்னைவரைக்கும் கெடைக்கல. கட்டி செல்லுங்களோட முழு டிஎன்ஏவையும் படிச்சுப் பாத்தாச்சு, பொதுவா எந்த வைரஸும் இல்ல. ஆனா சாதாரண தொத்துக்கும் இந்த நோய்க்கும் ஒரு சுத்துவழித் தொடர்பு இருக்கலாம்னு பிரிட்டன்ல ரெண்டு பேர் 1988ல தனித்தனியா சொன்னாங்க. லியோ கின்லன் சொன்னது, ஒதுங்கின கிராமத்துக்கு திடீர்னு வெளியூர் ஜனம் நிறைய வந்து கலக்கும்போது அங்க குழந்தை லுக்கேமியா கூடுது, அணு ஆலை பக்கத்துல கூட்டமா கேஸ் வந்ததுக்குக்கூட கதிர்வீச்சவிட இதுதான் பொருத்தமான விளக்கம்னு. மெல் கிரீவ்ஸ் சொன்னது வேற: நோய் ரெண்டு கட்டமா வருது.

மொத கட்டம் வயித்துக்குள்ளயே. ஈடிவி6, ரங்க்ஸ்1னு ரெண்டு ஜீன் தப்பா ஒட்டிக்குது. பொறந்த குழந்தைக்கு குதிகால்ல குத்தி ஒரு அட்டைல ரத்தச் சொட்டு எடுத்து வெப்பாங்கல்ல, பின்னாடி லுக்கேமியா வந்த குழந்தைங்களோட அந்தப் பழைய அட்டைய எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்தா, அப்பவே அந்த ஒட்டு இருந்திருக்கு. இன்னொரு ஆதாரம் இரட்டையர்: ஒரே நஞ்சுக்கொடிய பங்கு போட்டவங்கள்ல ஒரு குழந்தைக்கு உண்டான கெட்ட செல் ரத்தத்தோட மத்த குழந்தைக்கும் போயிடுது. லுக்கேமியா "தொத்தும்"னு சொல்லக்கூடிய இடம் ஏறக்குறைய அது ஒண்ணுதான், அதுவும் பொறக்கறதுக்கு முன்னாடி.

இந்த ஒட்டு சுமார் 100 குழந்தைல ஒண்ணுக்கு இருக்கு, சில ஆய்வுல அதவிட அதிகம். ஆனா அதுல 100க்கு 99க்கும் ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது கட்டம் பொறந்த பிறகு, வேற சில ஜீனுங்க அறுந்து போறது. பழக்கமே இல்லாத எதிர்ப்பு சக்தி ஒரு சாதாரண தொத்துக்கு அளவுக்கு மீறிக் குதிக்கும்போது, ஆன்டிபாடி ஜீன்களை வெட்டி ஒட்டற அதே கத்திரி தப்பான இடத்துலயும் வெட்டிடுதுன்னு கிரீவ்ஸ் சொல்றார். மொத வருஷத்துலயே மத்த குழந்தைங்களோட பழகினவங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கம்மின்னு நிறைய ஆய்வு காட்டுது, எல்லா ஆய்வும் இல்ல.

இப்ப அக்காவுக்கு சொல்ல வேண்டியது. இது லட்சக்கணக்கான குழந்தைங்கள ஒண்ணா வெச்சுப் பாக்கும்போது தெரியற சின்ன வித்தியாசம். வீட்லயே வளந்த குழந்தைங்கள்ல ஆயிரத்துல 999க்கும் மேல லுக்கேமியா வராம வளருது, ப்ளேஸ்கூல் போன குழந்தைக்கும் வருது. ஒரு குழந்தையப் பாத்து "இதனாலதான்"னு கிரீவ்ஸே வந்தாலும் சொல்ல முடியாது. அத்தையோட நம்பர் குடுங்க நான் பேசறேன்னு சொல்லத் தோணுது, சரி வேணாம்.

மைக்ரோஸ்கோப்_மாமா
டாக்டர் சொன்னதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு. அந்த வீட்ல எப்ப பாத்தாலும் யாராவது ஒருத்தர் காரணம் தேடி அது அம்மாகிட்ட வந்துதான் நிக்குது பாருங்க. மொதல்ல எச்சில், இப்ப சுத்தம். அடுத்தது என்னவோ.

சும்மா_ஒருத்தன்
+1 மாமா. குரூப்ப மியூட் பண்ணச் சொல்லுங்க நெல்லிக்கனி.

பழைய_மண்ணீரல்
நான் ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்கு எழுதறேன். எனக்கு மண்ணீரல்ல வர்ற மெதுவான வகை லிம்ஃபோமா, கூடவே ஹெபடைட்டிஸ் சி இருந்தது கண்டுபுடிச்சாங்க. டாக்டர் கீமோ பத்திப் பேசாம மொதல்ல சி-க்கு மாத்திரை போடலாம்னார், எனக்கு ஒரே கோவம், கேன்சருக்கு வைத்தியம் பண்ணாம கல்லீரலுக்குப் பண்றாங்களேன்னு. மாத்திரை முடிஞ்சு வைரஸ் போச்சு, அதுக்கப்புறம் ஸ்கேன்ல மண்ணீரல் சுருங்கிக்கிட்டே வந்துச்சு, ரத்தத்துல அந்த செல்லும் கொறைஞ்சுது. கீமோ இன்னும் போடல, செக்கப் மட்டும்தான். ராக்கோழி நண்பரே, வைரஸ் சும்மா கூட வந்ததுன்னா அது போனதும் இது ஏன் போகணும்? பதில் தெரிஞ்சா சொல்லுங்க.

தூக்கமில்லா_டாக்டர்
அண்ணே, உங்க கேஸ் பாடப்புத்தகம். 2002ல பிரெஞ்சு குழு ஒண்ணு இதே மண்ணீரல் லிம்ஃபோமாவும் ஹெபடைட்டிஸ் சி-யும் உள்ள 9 பேருக்கு இன்டர்ஃபெரான்ங்கற வைரஸ் எதிர்ப்பு மருந்து குடுத்துச்சு, வைரஸ் மறைஞ்ச 7 பேருக்கு லிம்ஃபோமாவும் முழுசா அடங்கிச்சு, அதுல ஒருத்தருக்கு வைரஸ் திரும்ப வந்தப்ப லிம்ஃபோமாவும் திரும்ப வந்துச்சு. வைரஸ் இல்லாத, அதே லிம்ஃபோமா உள்ள 6 பேருக்கு அதே மருந்து குடுத்ததுல ஒருத்தருக்கும் கேக்கல. அப்ப மருந்து கேன்சர நேரா கொல்லல, வைரஸக் கொன்னுதான் அடக்குச்சு. இங்க வைரஸ் செல்லுக்குள்ள போய் ஜீனக் கெடுக்கணும்னுகூட இல்ல, வருஷக்கணக்கா பி செல்ல சீண்டிக்கிட்டே இருந்தா போதும். வேகமா வளர்ற லிம்ஃபோமாவுக்கு இது மட்டும் பத்தாது, கீமோ வேணும், யாரும் இதப் படிச்சிட்டு கீமோவ தள்ளிப் போடாதீங்க.

ராக்கோழி
சரி, இது கனமான ஆதாரம்தான். அப்ப என் கேள்விய மாத்திக்கறேன்: "வைரஸ் இருக்கா"ங்கறதவிட "வைரஸ எடுத்தா நோய் மாறுதா"ன்னு கேக்கறதுதான் உருப்படியான கேள்வி. ஈபிவிக்கு அப்படி எடுக்க மருந்து இருக்கா?

தூக்கமில்லா_டாக்டர்
தூங்கற வைரஸ எடுக்க மருந்து இல்ல. அதை அடக்கற டி செல்ல சரி பண்ணலாம். உறுப்போ மஜ்ஜையோ மாத்தினவங்களுக்கு எதிர்ப்பு சக்திய மருந்தால அடக்கி வெச்சிருப்போம், அந்த நேரம் ஈபிவி பி செல்ல பெருக்கி லிம்ஃபோமாவாக்கிடும். மொத வேலையே அந்த அடக்கற மருந்தக் கொறைக்கறதுதான், சில பேருக்கு அதுலயே கட்டி கரையும். இல்லன்னா பி செல்ல அழிக்கற ரிட்டுக்ஸிமாப்ங்கற மருந்து. அதுவும் கேக்கலன்னா ஈபிவிய அடையாளம் கண்டு அடிக்கற டி செல்ல வேற ஆள்கிட்டேருந்து எடுத்து வளத்துக் குடுக்கறது, ஐரோப்பாவுல 2022 கடைசில அதுக்கு அனுமதி குடுத்தாங்க. தடுப்பூசி இன்னும் சோதனைலதான் இருக்கு.

ரிட்டுக்ஸிமாப்னு சொன்னதால ஒரு முக்கியமான விஷயம், எந்த லிம்ஃபோமா நோயாளியா இருந்தாலும் அத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் பண்ணாங்களான்னு கேளுங்க, பழைய தொத்து இருந்தாலும் அந்த மருந்துல முழிச்சிக்கிட்டு கல்லீரல காலி பண்ணிடும். வைரஸ் டெஸ்ட்டுக்குக் காசு செலவு பண்ணணும்னா அதுக்குப் பண்ணுங்க, ஈபிவி ஐஜிஜிக்கு வேணாம்.

நெல்லிக்கனி
டாக்டர், அக்கா இன்னைக்குத்தான் சாப்பிட்டா. உங்க பதில் மொத்தத்தையும் குரூப்ல போட்டேன், சித்தி "சரி சரி"ன்னு மட்டும் போட்டாங்க, அத்தை படிச்ச டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. மூத்தவளுக்கு டெஸ்ட் எதுவும் வேணாம்தானே? அவள தம்பிகூட படுக்க வெக்கலாமா?

தூக்கமில்லா_டாக்டர்
ஈபிவி டெஸ்ட் வேணாம். பையன்கிட்டேருந்து அவளுக்கு லுக்கேமியா வராது, பயம் இருக்க வேண்டியது நேர்மாறா. கீமோவுல அவனோட வெள்ளணு கொறையும், அப்ப அவ ஸ்கூல்லேருந்து கொண்டு வர்ற அம்மையோ ஃப்ளூவோதான் அவனுக்கு ஆபத்து. வீட்ல இருக்கற எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி, மூத்தவளுக்கு தட்டம்மை, சின்னம்மை ஊசி பாக்கி இருந்தா போட்டுருங்க. வாய்வழி போலியோ சொட்டு மட்டும் வீட்ல யாருக்கும் வேணாம், ஊசியா குடுக்கச் சொல்லுங்க. அவளுக்குக் காய்ச்சல் சளி இருந்தா அன்னைக்கு தனியா படுக்கட்டும், இல்லன்னா தம்பிகூட படுக்கட்டும். பையனுக்கு 38 டிகிரி தாண்டினா ராத்திரி எத்தனை மணியானாலும் உடனே ஆஸ்பத்திரி, வீட்ல பாராசிட்டமால் குடுத்துட்டு காலைல பாப்போம்னு இருக்காதீங்க.

நெல்லிக்கனி
சின்னம்மை ஊசி அவளுக்கு ஒரு டோஸ்தான் ஆயிருக்கு. அது உயிருள்ள வைரஸ்னு சொல்றாங்களே, போட்டா தம்பிக்கு ஒட்டாதா?

தூக்கமில்லா_டாக்டர்
ஊசி போட்டவங்ககிட்டேருந்து பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம், அதுவும் உடம்புல கொப்புளம் வந்தா மட்டும்தான். ரெண்டாவது டோஸ் போடுங்க, கொப்புளம் வந்தா அது காயற வரைக்கும் தம்பி பக்கம் போக வேணாம். பையனோட டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு தேதி வாங்கிக்கோங்க, அவனுக்கு உயிருள்ள தடுப்பூசி எதுவும் கீமோ முடிஞ்சு சில மாசம் ஆகற வரைக்கும் கெடையாது.